தோட்டத்தை அளக்கும் கோல்



ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் சத்தியவேடு என்னும் ஊரை அடையலாம். 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முடியும்வரை அவ்வூர் சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பட்டாஸ்கர் அவர்களின் தீர்ப்பை ஒட்டி 1959ஆம் ஆண்டில் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் முதல் அது திருப்பதி மாவட்டத்து ஊர். ஊரார் எவரும் வீட்டைவிட்டுப் பெயர்ந்தாரல்லர். முற்றத்துத் துளசி மாடமும் கொல்லைப்புறத்து முருங்கையும் இருந்த இடத்திலேயே இருந்தன. பெயர்ந்தது கோடு ஒன்றே. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் அவ்வூரார், மாநிலம் மாறி வாழ்வதன் பொருளை ஊர் மாறாமலே அறிந்தவர்கள். பிழைப்பின் பொருட்டு ஊரும் மாறி, மாநிலமும் மாறி வாழும் நமக்கு அவர்கள் அயலாரல்லர்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் எல்லைப் பூசலன்று, தோட்டம். இன்னும் திட்டமாகச் சொன்னால், ஒருவர் தம் கையால் அமைத்த தோட்டத்தை மற்றொருவர் வந்து பார்த்து, இது நன்று, இது அன்று என்று தீர்ப்புக் கூறும் வழக்கத்தின் வரலாறு. தொலைக்காட்சியில் தோட்டப் போட்டிகள் பல நாடுகளில் நடைபெறும் இந்நாளில் இவ்வரலாற்றை அறிதல் வீண்வேலையாகாது. ஏனெனில், அளவுகோல் யாருடையதோ அவருடைய கண்ணுக்கே தோட்டம் தென்படுகிறது. அந்தக் கோல் வேற்றிடத்தில் செய்யப்பட்டதானால், கண்ணெதிரே இருக்கும் தோட்டமும் தோட்டமாகத் தோன்றாமற் போகும்.

முதலில் இக்காலத்துப் போட்டி ஒன்றைக் காண்போம். 2015ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சி, தோட்டக்கலையைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர் அறுவரைத் தேர்ந்து ஒரு போட்டி நடத்தியது. ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் தோட்டம் அமைத்தனர். ஜேம்ஸ் அலெக்சாண்டர்–சின்கிளேர், ஆன்–மேரி பவல் என்னும் தோட்ட வடிவமைப்பாளர் இருவர் நடுவராக இருந்தனர். வென்றவருக்குப் பரிசு பணமன்று. உலகப் புகழ் பெற்ற செல்சி மலர்க்காட்சியில் ஒரு தோட்டம் அமைக்கும் வாய்ப்பு. வென்றவர் ஷான் மரே. அவர் செல்சியில் அமைத்தது அரண்மனைப் பூங்காவன்று; சாதாரண வீட்டின் முன்புறத் தோட்டம். வண்டி நிறுத்துவதற்காக வீட்டு முகப்பையெல்லாம் கல்பாவி மூடிவிடும் வழக்கம் அந்நாட்டில் பரவியிருந்தது. வண்டிக்கும் இடம் விட்டுச் செடிக்கும் இடம் விடலாம் என்பதை அவர் செய்துகாட்டினார். அயர்லாந்துத் தொலைக்காட்சியும் இவ்வகைப் போட்டி ஒன்றை நடத்திவந்துள்ளது. புதிதாகக் கட்டிய வீடுகளின் வெறும் பின்புறங்களை ஆர்வலர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் அவற்றைத் தோட்டமாக்குவார்கள். நடுவர் தேர்ந்த தோட்டம் டப்ளின் நகரத்துப் பீனிக்சு பூங்காவில் நடைபெறும் மலர் விழாவில் மீண்டும் அமைக்கப்படும்.

இப்போட்டிகளின் வேர் தொலைக்காட்சியில் இல்லை, மலர்க்காட்சியில் இருக்கிறது. அம்மலர்க்காட்சி நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. 1820ஆம் ஆண்டில் வில்லியம் கேரி என்னும் பாதிரியார் கல்கத்தாவில் வேளாண்மைத் தோட்டக்கலைக் கழகம் ஒன்றை நிறுவினார். முட்டைக்கோசு, பூக்கோசு, உருளைக்கிழங்கு போன்ற புதிய பயிர்களை இந்நாட்டு மண்ணில் பரப்புவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதன்பொருட்டு அக்கழகம் தொடக்கக் காலத்திலேயே காய்கறிக் காட்சிகள் நடத்தி, நல்ல காய் கொணர்ந்த நாட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பரிசுகள் வழங்கியது. ஒன்றைக் கருதுக: பரிசு பெற்றவர், மண்ணைக் கொத்தியவர். பங்களாவின் உரிமையாளர் யார் என்று அங்கே கேட்கவில்லை. காயைக் கொணர்ந்த கை எது என்றே கேட்டார்கள்.

சென்னையில் 1835ஆம் ஆண்டில் வேளாண்மைத் தோட்டக்கலைக் கழகம் தோன்றியது. இன்று கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்கா, அக்கழகத்தின் தோட்டமாக இருந்த நிலத்தில் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்குமுன் நெடுங்காலம் அவ்விடத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்–இன் சிற்றுண்டிச்சாலை இருந்தது. அங்கே காரில் அமர்ந்தபடியே காப்பி அருந்தியதை நம்முள் மூத்தோர் பலர் மறந்திருக்கமாட்டார்.

உதகமண்டலத்துக் கதை வேறு. அங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் மலிவாகக் காய்கறி பெறும்பொருட்டுச் சந்தா சேர்த்து ஒரு தோட்டம் போட்டார்கள். அதன் தொடர்ச்சியாக, கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மக்கைவர் 1848ஆம் ஆண்டில் பொறுப்பேற்று, இன்று நாம் காணும் தாவரவியல் பூங்காவை மலைச்சரிவில் உருவாக்கத் தொடங்கினார். அங்கே 1896ஆம் ஆண்டில் தொடங்கிய மலர்க்காட்சி 2023ஆம் ஆண்டில் நூற்றிருபத்தைந்தாம் முறையாக நடைபெற்றது. காட்சியை ஒட்டி நீலகிரி மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் நிறுவனத் தோட்டங்களுக்கும் போட்டி வைப்பதும், நடுவர் நேரில் சென்று பார்த்து மதிப்பிடுவதும், வென்றோர்க்குக் கோப்பை அளிப்பதும் அங்கு வழக்கமாயின. தட்டில் வைத்த மலரை மட்டும் மதிப்பிட்ட காலம் போய், மலர் நின்ற இடத்தையே சென்று மதிப்பிடும் காலம் அவ்வாறு வந்தது.

பெங்களூரில் வாழும் அன்பர்களுக்கு லால்பாக்கைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. 1760ஆம் ஆண்டில் ஐதர் அலி தொடங்கிய தோட்டம் அது. ஜான் கேமரான் காலத்தில் அங்கே கண்ணாடி மாளிகை எழுந்தது. 1908 முதல் கிரும்பீகல் என்னும் ஜெர்மானியர் அதனைப் பேணி வளர்த்தார். 1912ஆம் ஆண்டில் மைசூர்த் தோட்டக்கலைக் கழகம் தோன்றியது. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி அங்கே நடைபெறும் மலர்க்காட்சிகளோடு நகரத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி உண்டு.

அந்நகரில் திகளர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய முன்னோர் தமிழகத்தினின்று சென்று குடியேறியவர் எனப் பெரும்பாலும் கருதப்படுகின்றனர். கீரையும் காயும் பூவும் பயிரிடுவதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். ஆண்டுதோறும் நடைபெறும் கரகத் திருவிழாவும் அவர்களுடையதே. லால்பாக்கின் வரலாற்றைச் சொல்லுவோர் கண்காணிப்பாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுகின்றனர். நாமும் சற்றுமுன் அதனையே செய்தோம். அந்நகரத்துத் தோட்டங்களில் நாள்தோறும் பாத்தி கட்டி, களை பறித்து, எரு இட்டவர்களின் பெயர்களை எவரும் சொல்லுவதில்லை. வீட்டுத் தோட்டப் போட்டிகளிலும் பொதுவாக இதே நிலைதான். விண்ணப்பம் இடுபவர் வீட்டுக்கு உரியவர். கோப்பையில் பொறிக்கப்படுவதும் அவர் பெயர். கல்கத்தாக் கழகம் தன் தொடக்க நாட்களில் தோட்டக்காரரின் கையில் கொடுத்த பரிசு, காலப்போக்கில் திண்ணையில் அமர்ந்திருந்தவர் கைக்குச் சென்றுவிட்டது. தீர்ப்பில் புகுந்த முதற்குறை இதுவென்று நாம் கருதுகிறோம்.

இரண்டாவது குறை அளவுகோலைப் பற்றியது. மலர்க்காட்சி பெரும்பாலும் குளிர் நாட்டார் நமக்குத் தந்த வழக்கம். அவர்களுடைய தோட்டத்துக்கு உயிர் புல்வெளி. அதைச் சூழ்ந்து பருவப் பூக்களின் பாத்திகள். நீலகிரியின் குளிருக்கும் மழைக்கும் அவ்வமைப்புப் பொருந்தியது. ஆனால் அதே கோலைக் கொண்டு சமவெளியில் வெயில் காயும் ஊர்களின் தோட்டங்களை அளக்கப் புகுந்தால் என்ன ஆகும்? புல்வெளி வைத்தவருக்கு மதிப்பெண் மிகும். நீர் குறைவாகக் கேட்கும் நந்தியாவட்டையும் அரளியும் வேம்பும் வைத்தவர் பின்தங்குவார். அடுத்த ஆண்டு அவரும் புல்வெளி வைப்பார். கிணற்றில் நீர் போதாது என்றால் லாரியில் வாங்கி ஊற்றுவார். நடுவர் தாளில் இடும் ஓர் எண், ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாழ்த்தவும் வல்லது.

சத்தியவேட்டின் நிலத்தை எண்ணிப் பாருங்கள். மண்ணியல் அறிஞர்கள் ஒரு பாறை வகைக்கே அவ்வூரின் பெயரை இட்டுள்ளனர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன், நீரில் உருண்டு வந்த கூழாங்கற்களும் பருமணலும் இரும்புச் சாயம் ஏறி இறுகிய பாறை அது. ‘சத்தியவேடு அடுக்கு’ என்பர். அத்தகைய சரளை நிலத்தில் நீர் நிற்பதில்லை. செடி வைப்பவர் முதலில் குழி தோண்டிக் கல்லைப் பொறுக்கி எடுத்து, ஏரி வண்டலும் தொழு உரமும் இட்டு மண்ணையே உண்டாக்கவேண்டும். பிறகு நீரை எண்ணி எண்ணி ஊற்றவேண்டும். இத்தகைய ஊர்களில் பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் பாயும். குளித்த நீர் கறிவேப்பிலைக்குப் பாயும். கொல்லையின் எந்த மூலையில் எந்தச் செடி நிற்கவேண்டும் என்பதை நீர் போகும் வழி தீர்மானிக்கிறது. வடிவமைப்பு என்று இக்காலத்தார் சொல்லுவது இதுவன்றி வேறு யாது? ஆயினும், புல்வெளியைத் தேடிவந்த நடுவர் இதனைத் தோட்டம் என்று ஏட்டில் எழுதுவாரா என்பது ஐயமே.

இவ்வட்டாரத்தின் வழியாகவே கண்டலேறு நீர்த்தேக்கத்தினின்று பூண்டிக்குச் செல்லும் கிருட்டிணா நீர்க் கால்வாய் ஓடுகிறது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அமைந்த தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் அது. 1996ஆம் ஆண்டில் முதன்முதலாக அதன் நீர் ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லையை அடைந்தது. சென்னை மாநகரம் பருகும் நீரின் ஒரு பகுதி இந்தச் சரளை நிலத்தைக் கடந்தே வருகிறது. ஆதலால் சென்னையில் ஒரு புல்வெளி பச்சைப்பசேலென இருப்பதைக் கண்டு முழு மதிப்பெண் இடும் நடுவர், அந்நீர் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுதல் நலம்.

அப்படியாயின் தோட்டத்துக்குத் தீர்ப்பே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. தமிழர் பண்டுதொட்டே தோட்டத்தை மதிப்பிட்டு வந்தவர்கள். ஆனால் அவர்கள் கொண்ட கோல் வேறு. கோயில் நந்தவனங்களை எடுத்துக்கொள்வோம். நந்தவனத்துக்கென்று விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் நந்தவனப்புறம் என்று குறிக்கின்றன. அந்நிலத்தை மட்டும் கொடுத்து நின்றுவிடாமல், அங்கே பணிசெய்வோரின் உணவுக்கும் உடைக்கும் வழிவகுத்த கொடைகளையும் கல்வெட்டுகளில் காண்கிறோம். தோட்டம் என்றால் செடி மட்டும் அன்று. நீர் இறைப்பவரின் வயிறும் அதில் அடங்கும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். அத்தோட்டத்தின் அழகை அவர்கள் பூவின் பருமனைக் கொண்டு அளக்கவில்லை. நாள் தவறாமல் மாலை வந்து சேர்ந்ததா என்று பார்த்தார்கள்.

இன்றைய திருப்பதி மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. வைணவ மரபு கூறும் வரலாறு இது. திருமலையில் மலர்த்தொண்டு செய்யச் செல்வார் யார் என்று இராமாநுசர் தம் மாணாக்கரை வினவினார். குளிரையும் காட்டையும் எண்ணி மற்றவர் தயங்கி நிற்க, அனந்தாழ்வான் என்பவர் எழுந்தார். அவரும் அவர் மனைவியாரும் மலைமேல் சென்று, தம் கையாலேயே மண் வெட்டிக் கூடை சுமந்து, குளம் ஒன்று தோண்டித் தோட்டம் ஒன்று அமைத்தனர். அவர் கைக்கொண்ட கடப்பாரை என்று ஒன்று திருமலைக் கோயில் வாயிலில் இன்றும் தொங்குகிறது. எத்தனையோ மன்னர்கள் பொன்னும் மணியும் அளித்த கோயில் அது. அதன் வாயிலில் எல்லோரும் காண வைத்திருப்பது தோட்டவேலை செய்தவரின் கடப்பாரை! நாம் அறிந்த பரிசுக் கோப்பைகளுள் இதற்கு ஈடானது ஒன்றில்லை. அவர் அம்மலைக்குப் பிறந்தவருமல்லர்; வேற்றூரிலிருந்து சென்று குடியேறியவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

அண்மைக் காலத்தில் இதைப் போன்ற மற்றொரு வழக்கு சண்டிகர் நகரில் நிகழ்ந்தது. நேக் சந்த் என்பவர் நாட்டுப் பிரிவினையின்போது இன்றைய பாக்கித்தானத்துச் சிற்றூர் ஒன்றினின்று பெயர்ந்து வந்தவர். சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது சாலைப் பணி மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். தோட்டக்கலை பயின்றவரல்லர், சிற்பம் கற்றவரும் அல்லர். 1957ஆம் ஆண்டளவில், நகரின் ஓரத்தில், எவரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்டு நிலத்தில், வேலை முடிந்த நேரங்களிலும் இரவிலும் இரகசியமாகத் தோட்டம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். உடைந்த வளையலும் பீங்கானும், இடித்த வீட்டின் எச்சமும், ஆற்றங்கரைக் கல்லும் அவருக்குப் பொருள்களாயின. 1970களின் நடுவில் அதிகாரிகள் அதனைக் கண்டறிந்தபோது அது பல ஏக்கர் பரந்திருந்தது.

இப்பொழுது தீர்ப்புக் கூறவேண்டியவர் மலர்க்காட்சி நடுவரல்லர், அரசாங்கம். சட்டப்புத்தகத்தை மட்டும் கோலாகக் கொண்டிருந்தால் அன்றே அது இடிக்கப்பட்டிருக்கும். ஆனால் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து கண்டனர். அதிகாரிகளும் சென்று நின்று பார்த்தனர். 1976ஆம் ஆண்டில் அத்தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதனை அமைத்தவரையே பொறுப்பாளராக்கி ஊதியமும் ஆட்களும் தந்தனர். 1984ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். திட்டமிட்டுக் கட்டிய அந்நகரத்திற்கு வருவோர், திட்டத்தில் இல்லாத அந்தத் தோட்டத்தைக் காணாமல் திரும்புவதில்லை. தவறான தீர்ப்பு ஒன்று அன்று எழுதப்பட்டிருந்தால் நாடு எதனை இழந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றால் அறியப்படுவது யாது? நல்ல தீர்ப்பு, தோட்டத்தை அமைத்தவர் எதை நாடினார், எவற்றைக் கொண்டு நாடினார் என்ற இரு வினாக்களில் தொடங்குகிறது. இதனைத் தொலைக்காட்சிப் போட்டிகளின் தாய்வீடாகிய செல்சியும் காலப்போக்கில் உணர்ந்துகொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1804ஆம் ஆண்டில் தோன்றிய இலண்டன் தோட்டக்கலைக் கழகம் 1913ஆம் ஆண்டு முதல் செல்சியில் மலர்க்காட்சி நடத்துகிறது. அங்கே தோட்டம் அமைப்பவர், அத்தோட்டம் யாருக்காக, எதன்பொருட்டு என்பதை விளக்கி முன்னரே ஒரு குறிப்பு எழுதித் தரவேண்டும். நடுவர் கூட்டம் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டத்தைப் பார்க்கிறது. சொன்னதைச் செய்தாரா என்பதே வினா. தமக்குப் பிடித்ததா என்பதன்று. மேலும், அங்கே முதலாமவர், இரண்டாமவர் என்ற வரிசைக்கு முதன்மை இல்லை. தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என நான்கு தரங்கள் உண்டு. தகுதி உடையார் எத்தனை பேராயினும் அத்தனை பேருக்கும் தங்கம் கிடைக்கும். ஒருவரைத் தாழ்த்தி மற்றவரை உயர்த்தாமல், ஒவ்வொருவரையும் ஒரு தரத்தோடு ஒப்பிடும் முறை இது. பள்ளித் தேர்வில் அறுபது விழுக்காடு பெற்றோர் அனைவரும் முதல் வகுப்பு என்பது போன்றது. நம் நாட்டு வீட்டுத் தோட்டப் போட்டிகளும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

எனினும் தொலைக்காட்சிப் போட்டிக்கு நீங்காத குறை ஒன்று உண்டு, அது காலம். தோட்டம் ஆண்டுக்கணக்கில் வளர்வது. தொலைக்காட்சியோ நாட்கணக்கில் முடிவு கேட்பது. ஆதலால் வேறிடத்தில் வளர்த்துப் பூத்த செடிகளைக் கொணர்ந்து நட்டு, மறுநாளே மதிப்பெண் இடுகின்றனர். செல்சிக் காட்சித் தோட்டங்கள் சில வாரங்களில் எழுந்து, ஐந்து நாள் காட்சிக்குப் பின் கலைக்கப்படுபவை. பல தோட்டங்கள் பிறகு வேறிடத்துக்குப் பெயர்த்து அமைக்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் ஒரு கோடையைத் தாங்கியதா, ஒரு மழையில் மண் கரையாமல் நின்றதா, வீட்டார் ஊருக்குச் சென்ற பத்து நாளில் செடி பிழைத்ததா என்னும் வினாக்களுக்கு ஒளிப்படக் கருவி விடை தராது. பூத்த மாலையைக் கண்டு தோட்டத்தை மதிப்பிடுதல், திருமணக் கோலத்தைக் கண்டு இல்லறத்தை மதிப்பிடுதலை ஒக்கும்.

இவ்வகையில் வானொலி பேறு பெற்றது என்றே சொல்லவேண்டும். 1931ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து வானொலியில் சி. எச். மிடில்டன் என்பவர் தோட்டத்தைப் பற்றிப் பேசிவந்தார். கேட்போருக்குத் தோட்டம் தெரியாது; அவரவர் தம் தம் கொல்லையையே மனத்தில் கண்டு கேட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடும் இயக்கம் அங்கே எழுந்ததற்கு அவர் பேச்சுப் பெருந்துணையாயிற்று. 1960களில் நம் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லை வானொலி வாயிலாக அறிந்து, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். வானொலி விதையைப் பற்றிச் சொன்னது. தீர்ப்பை உழவரிடம் விட்டது. தம் வயலில் விளைவித்துப் பார்த்துத் தாமே முடிவு செய்த நடுவர்கள் அவர்கள்.

இனி, நம் ஊர்களிலும் நாம் வாழும் நகரங்களிலும் தோட்டப் போட்டிக்கு நடுவராகச் செல்லும் வாய்ப்பு நம்முள் ஒருவருக்குக் கிடைக்குமாயின், அவர் எவ்வெவற்றைக் கேட்டல் வேண்டும்? இந்த இடத்து மண்ணும் வெயிலும் எத்தகையன என்பது முதற்கேள்வி. நீர் எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை குடம் செல்கிறது என்பது இரண்டாவது. யாருடைய கை இதில் உழைத்தது, அவர் பெயர் விண்ணப்பத்தில் உள்ளதா என்பது மூன்றாவது. வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் பறவைக்கும் இதனால் விளையும் பயன் யாது என்பது நான்காவது. சென்ற கோடையில் இது எவ்வாறு இருந்தது என்பது ஐந்தாவது. இவ்வைந்தையும் கேட்ட பின்னர் நிறம், வரிசை, அமைப்பு ஆகியவற்றின் அழகைப் பார்க்கட்டும். அழகு வேண்டாம் என்பார் நாமல்லோம். ஆனால் அழகைக் கடைசியில் பார்ப்பவருக்கே அது எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நம்முள் பலருக்கு நிலம் என்பது பலகணியை ஒட்டிய நான்கடி இடமே. அதுவும் வாடகை இடம். மூன்று ஆண்டில் வேறு வீடு, வேறு ஊர். ஆயினும் அங்கே ஒரு தொட்டியில் துளசி, ஒரு பழைய வாளியில் கறிவேப்பிலை, கம்பியில் ஏற்றிவிட்ட மல்லிகை ஆகியவற்றைக் காண்கிறோம். தில்லியின் தைக் குளிரில் கறிவேப்பிலை இலை உதிர்த்து நிற்கும்போது அதனைச் சாக்குத்துணியால் போர்த்தி வைத்துப் பங்குனிவரை காத்தவர்கள் உண்டு. எடுத்துச் செல்லக்கூடிய தோட்டம் என்பது குடிபெயர்ந்தோர் கண்ட வடிவமைப்பு. அதற்குரிய பிரிவு எந்தப் போட்டியின் விதியிலாவது இல்லையெனில், குறை விதியினுடையதே, தொட்டியினுடையது அன்று.

ஆதலால் அன்பர்களே, உங்கள் நகரில் தோட்டக்கலைக் கழகம் போட்டி நடத்துமாயின் தயங்காமல் பெயர் கொடுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு தாளில், இடம் எத்தனை அடி, வெயில் எத்தனை நாழிகை, நீர் எத்தனை குடம், எதற்காக வைத்தோம் என்று எழுதி இணையுங்கள். தோட்டத்தில் துணை செய்பவர் ஒருவர் இருப்பின் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். நடுவர் அதனைப் படிப்பாராயின் நன்று. அவர் படிக்காவிடினும், நம் தோட்டம் எதன்பொருட்டு என்பதை நாமே ஒருமுறை எழுதிப் பார்ப்பதில் பயன் உண்டு.

சத்தியவேட்டை அந்நாளில் அளந்தவர்கள் கிராமக் கணக்கையும் மொழிக் கணக்கையும் நிலப்படத்தையும் கொண்டு அளந்தார்கள். அரசாட்சிக்கு அந்த அளவு தேவையாக இருந்தது. அதனை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் அகப்படாத ஒன்று அவ்வூரில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கல்லைப் பொறுக்கி எறிந்து, வண்டல் கொட்டி, கழுவிய நீரை வாய்க்கால் கட்டித் திருப்பி, ஒரு வாழையைக் குலை தள்ளச் செய்யும் பொறுமை அது. அவ்வழியே செல்லும் அன்பர்கள் யாரேனும் ஒரு வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்க்க நேர்ந்தால், மதிப்பெண் இடுவதற்குமுன் வீட்டு அம்மையாரிடம் இரண்டு சொல் பேசிப் பாருங்கள். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். அந்த வாழை ஏன் அந்த மூலையில் நிற்கிறது என்பதை அவர் சொல்லுவார்.